தமிழில் யோசியுங்கள், தமிழில் எழுதாதீர்கள்

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் காட்டுப்பள்ளியில் ஒப்பந்த வெல்டராக இருக்கிறேன். ஷிஃப்ட் வேலை. வயது 26. ஆறு மாதத்தில் ஜப்பானிய மொழி, கையோடு ஜப்பானில் வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கேட்கிறார். வீட்டில் தங்கையும் அனிமே பார்த்துப் பார்த்து, தானும் படிக்கப்போவதாக நிற்கிறாள். எனக்கு இங்கிலீஷே தடுமாற்றம். ஜப்பானிய மொழி வருமா?

வரும். இங்கிலீஷ் தடுமாறுவதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஜப்பானிய வகுப்பில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பையன்கள் முதல் பத்துப் பாடம் வேகமாக ஓடுவார்கள். பதினைந்தாவது பாடத்தில் வினைச்சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏற ஆரம்பித்ததும் திணறுவார்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ப் பிறகு திரும்பக் கொண்டுவருகிறார்கள் அல்லவா, அந்த வேலை உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றைப் பாருங்கள். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதை ஜப்பானியர் ‘கினோ கத்தா ஹோன்’ என்பார். கினோ நேற்று, கத்தா வாங்கிய, ஹோன் புத்தகம். வார்த்தைக்கு வார்த்தை நம் வரிசைதான். நாம் ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். அவர்கள் சாப்பிடு என்ற வினையோடு ‘பார்’ என்பதையே சேர்த்து ‘தபேதே மிரு’ என்கிறார்கள். ‘செய்து வை’, ‘மறந்துவிட்டேன்’ எல்லாவற்றுக்கும் இதே அச்சில் வடிவம் உண்டு. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும், வினை கடைசியில் வரும், ‘என்று சொன்னான்’ என்பதில் நம் ‘என்று’ நிற்கிற இடத்தில் அவர்களுடைய ‘தோ’ நிற்கும். அவன், அவள், அவர்கள் என்று வினைக்கு விகுதி மாற்ற வேண்டியதே இல்லை. இதையெல்லாம் ஆங்கிலப் பாடநூல் பக்கம் பக்கமாக விளக்கும். நீங்கள் அந்த விளக்கத்தைத் தாண்டி நேராக எடுத்துக்காட்டுக்குப் போய், தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

பட்டறையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ‘மெஷின் நின்னுடுச்சு’ என்பதும் ‘மெஷினை நிறுத்திட்டேன்’ என்பதும் நமக்கு வேறு வேறு. ஒன்றில் பழுது, மற்றதில் உங்கள் கை. ஜப்பானியத்திலும் அப்படியே: ‘கிகாய் கா தொமாரிமாஷ்தா’ என்றால் தானாக நின்றது, ‘கிகாய் ஓ தொமேமாஷ்தா’ என்றால் நான் நிறுத்தினேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினை போதும் என்பதால், அதன் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த ஜோடிகளில் மாதக்கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். சூப்பர்வைசரிடம் இதைத் தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று வெல்டருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒற்றுமையை வைத்து சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர், ஜப்பானிய மொழிக்குத் தமிழோடு உறவு உண்டு என்றே வாதாடினார். யாழ்ப்பாணத்துப் பேராசிரியர்கள் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, அமைப்பு ஒத்துப்போகிறது. மாணவனுக்கு அது போதும். சொற்கள் மட்டும் இலவசமாக வராது. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்.

இனி எச்சரிக்கை. யோசிப்பது தமிழில் இருக்கலாம், நோட்டில் எழுதுவது தமிழ் எழுத்தில் இருக்கக் கூடாது. நம்மிடம் க, த, ப ஒவ்வொன்றுக்கும் ஒரே எழுத்து. வல்லோசையா மெல்லோசையா என்பது இடத்தைப் பொறுத்தது. ஜப்பானியத்தில் அவை தனித்தனி எழுத்துகள், மாறினால் அர்த்தமே மாறும். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல்லையும் படிப்பைப் பாதியில் நிறுத்துவதைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ‘தைகக்கு’தான். (இந்தப் பத்தியில் அச்சாகியிருக்கும் ஜப்பானியத்துக்கும் அதே கதி. இதைப் பார்த்து உச்சரிப்புப் பழகாதீர்கள்.) ஸ, ஜ இரண்டுக்கும் நடுவே ஓர் ஒலி இருக்கிறது, அதை ‘ஜ’ ஆக்கிவிடுவது தமிழ் நாக்கின் பழக்கம். குறில் நெடில், ஒற்று இரட்டிப்பது ஆகிய இரண்டும் நமக்குப் பிறந்த நாள் முதல் தெரியும். மற்ற நாட்டுக்காரர்கள் அதற்கே வருடக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள்.

ஆகவே முதல் வேலை ஹிராகானா, கடகானா. தலைக்கு 46 அடிப்படை எழுத்துகள். தினம் அரை மணி உட்கார்ந்தால் ஒரு மாதத்துக்குள் இரண்டும் கைக்கு வந்துவிடும். கடகானாவை ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளுகிறவர்கள் அதிகம். தள்ளாதீர்கள், பட்டறையில் பாதி பொருளின் பெயர் அதில்தான் எழுதியிருக்கும். பஸ்ஸை வடசென்னை ‘பஸ்ஸு’ என்கிறது, கேஸை ‘கேஸு’ என்கிறது. ஜப்பானியரும் ‘ன்’ தவிர வேறு எந்த மெய்யையும் கடைசியில் அப்படியே விடமாட்டார்கள், ஓர் உயிரைச் சேர்த்துத்தான் முடிப்பார்கள். அவர்களிடம் போல்ட் ‘பொருதோ’, நட்டு ‘நத்தோ’. நம் ஊர் வாய்க்கு இது புதிதே இல்லை.

சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள்தான் மலை. ஜப்பான் அரசின் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 காஞ்சி எழுத்துகள் இருக்கின்றன. ஒரே எழுத்துக்குப் பல உச்சரிப்பு. மனிதர் என்ற எழுத்தைத் தனியே கண்டால் ‘ஹிதோ’, நாட்டின் பெயருக்குப் பின்னால் ‘ஜின்’, எண்ணிக்கைக்குப் பின்னால் ‘நின்’. இங்கே தமிழும் உதவாது, ஆங்கிலமும் உதவாது. தனி எழுத்தாக உருப்போடாமல் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள், கையால் எழுதுங்கள், நாளுக்கு நான்கைந்துக்கு மேல் போகாதீர்கள். ஆரம்பநிலைத் தேர்வான என்-5க்கு ஏறத்தாழ 100, அடுத்த படியான என்-4க்கு 300 காஞ்சி என்பது ஆசிரியர்கள் வைத்திருக்கும் கணக்கு. பாடநூல் வரிசைக்குக் காத்திராமல் முதல் மாதமே நான் கற்றுக்கொடுப்பது அபாயம், எச்சரிக்கை, தடை, வெளியேறும் வழி, ‘பாதுகாப்பே முதலில்’ ஆகிய பலகைகளை. ‘அபாயம்’ என்ற சொல்லின் காஞ்சி எழுத்துகள் தொடக்கநிலைத் தேர்வுகளில் வரவே வராது. ஆனால் கப்பல் தளத்தில் முதல் நாள் கண்ணில் படுவது அதுதான்.

சரி, எதற்காகப் படிக்கிறீர்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைக்காமல் யாரும் பணம் கட்டாதீர்கள்.

ஜப்பானுக்கு வேலைக்குப் போகத்தான் என்றால், உங்கள் பாதை திறன் தொழிலாளர்களுக்கான எஸ்.எஸ்.டபிள்யூ. வீசா. ஜப்பான் அதை 2019 ஏப்ரலில் தொடங்கியது, இந்தியாவோடு 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்தது. 2024-ல் துறைகள் 16 ஆக விரிந்தன. கப்பல் கட்டுமானம் அதில் உண்டு, வெல்டிங் அதற்குள் அடங்கும். முதியோர் பராமரிப்பும் உண்டு என்பதை உங்கள் தெருவில் நர்சிங் முடித்த பெண்களுக்குச் சொல்லுங்கள். 2025 ஆகஸ்டில் இரு நாடுகளும் ஐந்து ஆண்டுகளில் ஐந்து லட்சம் பேர் பரிமாற்றம் என்று அறிவித்தன. அதில் இந்தியாவிலிருந்து போகும் திறன்மிக்கவர்களுக்கான இலக்கு 50,000. வாசல் திறந்திருக்கிறது என்பது உண்மை. முதல்நிலை வீசாவில் மொத்தம் ஐந்து ஆண்டுதான் இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதும் அதே அளவு உண்மை. ஒரு யென் ஒரு ரூபாயைவிட நன்றாகவே குறைவு. வரி, மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், அறை வாடகை எல்லாம் போக மிஞ்சுவதைக் கணக்குப் போடுங்கள்.

இதற்கு மொழியில் என்-4 அல்லது ஜே.எஃப்.டி. பேசிக், கூடவே தொழில்திறன் தேர்வு வேண்டும். என்-4 என்பது ஜே.எல்.பி.டி. தேர்வின் ஒரு நிலை. ஜூலை, டிசம்பர் மாதங்களின் முதல் ஞாயிறு நடக்கும். சென்னையில் நடத்துவது அமைந்தகரையில் உள்ள ஏ.பி.கே. – ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் தொடங்கிய சங்கம். பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும். 180-க்கு 90 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் கேட்டல் பகுதியில் 60-க்கு 19 இல்லாவிட்டால் மொத்தமும் தோல்வி. புத்தகமே கதியென்று இருப்பவர்கள் விழுவது இங்கேதான். ஜே.எஃப்.டி. கணினியில் நடப்பது, ஆண்டில் பல தடவை வரும், 250-க்கு 200 வேண்டும். ஷிஃப்ட் வேலைக்காரருக்கு இதுதான் தோது என்பது என் எண்ணம். உங்கள் துறையின் திறன் தேர்வு அடுத்து எங்கே, எப்போது என்பதை மொழி வகுப்பில் சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

இந்த இரண்டு மொழித் தேர்விலும் நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். அதனால் என்-4 சான்றிதழோடு நேர்காணலில் ஊமையாக உட்காருகிறவர்களைப் பார்க்கிறோம். ‘யோசெட்ஸு கா ஒவாரிமாஷ்தா’, அதாவது வெல்டிங் முடிந்தது. இப்படி உங்கள் ஒரு நாள் வேலையை இருபது வாக்கியமாக எழுதி, ஆசிரியரிடம் திருத்தி வாங்கி, தினம் உரக்கச் சொல்லுங்கள். தகவல் சொல், தெரியப்படுத்து, கேட்டுச் செய் என்ற மூன்றையும் சேர்த்து ‘ஹோரென்சோ’ என்பார்கள். ஜப்பானிய மேலாளர் ஆளை எடைபோடுவது அதில்தான். அவர் ‘ஹாய்’ என்றால் பலநேரம் ‘காதில் விழுந்தது’ என்றுதான் பொருள். சம்மதம் என்று எண்ணி இறங்கிவிடாதீர்கள். மரியாதை நமக்குத் தெரிந்த பாடம்தான், ஒரு திருப்பம் மட்டும் உண்டு. ‘எங்க மேனேஜர் வெளியே போயிருக்கார்’ என்று நாம் யாரிடமும் மரியாதையோடு சொல்வோம். அவர்களோ வெளியாளிடம் பேசும்போது சொந்த மேலாளர் பெயருக்குப் பின்னால் ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைப் போட மாட்டார்கள்.

இங்கேயே இருந்து பயன்படுத்தலாமா என்றால், அதற்கும் இடம் இருக்கிறது, ஆனால் உயரம் கூடுதல். மணலியை ஒட்டி தோஷிபாவின் டர்பைன் ஆலை இருக்கிறது. மீஞ்சூர் வழியாகப் போகும் ரயில் பாதையில் தடா அருகே ஸ்ரீசிட்டியில் இசுஸு, கோபெல்கோ, டைக்கின். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர் போகும் சென்னை எல்லைச் சாலையின் முதல் பகுதி ஜப்பானின் ஜைக்கா அமைப்பு தரும் கடனில் வருவது. ஆனால் இங்கெல்லாம் மொழிக்கென்று சம்பளம் தருவது பெரும்பாலும் என்-3, என்-2 நிலையிலிருந்துதான்; அதற்கு இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு வேண்டும். ஒரே கம்பெனியை நம்பியும் திட்டம் போடாதீர்கள். எண்ணூரிலிருந்து கப்பலேறும் கார்களால் நமக்கெல்லாம் தெரிந்த நிஸான், ஒரகடம் ஆலையில் இருந்த தன் பங்கை 2025-ல் ரெனோவிடம் கொடுத்துவிட்டது.

தங்கைக்கு ஒரு வார்த்தை. அனிமே நல்ல காரணம். ஆசையால் படிக்கிறவர்கள்தான் காஞ்சி மலையில் பாதியில் இறங்காமல் ஏறுகிறார்கள், காது பழக்கமும் அவர்களுக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. பேச்சை மட்டும் அங்கிருந்து எடுக்க வேண்டாம். அதில் நாயகன் சொல்லும் ‘ஒமாயே’வை ஆசிரியரிடம் சொல்வது, நம் சினிமா வசனத்தை ஹெட்மாஸ்டரிடம் ‘டேய்’ போட்டுச் சொல்வதைப் போன்றது.

ஏஜென்டுக்கு வருவோம். ஆறு மாதத்தில் என்-4 என்பது முழு நேரமும் படிக்கிறவருக்கான கணக்கு. இரவு ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு ஒரு வருடம், சிலருக்கு ஒன்றரை. மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். மீதியைப் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று காட்டுவார்கள். எது பயிற்சிக்கு, எது வேலைக்கு என்று தனித்தனி ரசீது கேளுங்கள். இமைக்ரேட் இணையதளத்தில் அவர் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள், எண் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வேலைக்குப் போகும் கம்பெனியின் பெயர், சம்பளம், பிடித்தம் எல்லாம் எழுத்தில் இல்லாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். பழைய பயிற்சியாளர் திட்டத்தை வைத்து ஆள் சேர்க்கிறார் என்றால், அதை நீக்கி வேறொன்றைக் கொண்டுவரும் சட்டம் 2024-லேயே ஜப்பானில் நிறைவேறிவிட்டது, புதியது 2027-ல் வருகிறது என்று நீங்களே அவருக்குச் சொல்லலாம்.

காட்டுப்பள்ளியிலிருந்து அமைந்தகரைக்குப் பஸ், ரயில், மறுபடி பஸ் என்று ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். வார நாளில் ஆன்லைன் வகுப்பு, ஞாயிறு மட்டும் நேரடி வகுப்பு என்று அமைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் ‘மின்னா நோ நிஹோங்கோ’. அதன் 50 பாடங்களை முடித்தால் என்-4 அளவு. ஜப்பான் ஃபவுண்டேஷனின் ‘இரோதோரி’ பாடநூலும் ஒலிப்பதிவும் இணையத்தில் இலவசம், அன்றாடப் பேச்சுக்கு அதுவே மேல்.

மூன்று லட்சத்தை இப்போதைக்கு வங்கியிலேயே வைத்திருங்கள். இன்று முதல் ஒரு மாதம், ஒரு ரூபாய் செலவில்லாமல், ஹிராகானாவையும் கடகானாவையும் நீங்களும் தங்கையும் சேர்ந்து எழுதிப் பழகுங்கள். மாதக் கடைசியிலும் ஆர்வம் குறையாமல் இருந்தால் வகுப்பில் சேருங்கள்.