காளானிழை உணவும் குடலின் சமிபாடும்

உண்ட உணவெல்லாம் உடலைச் சேர்வதில்லை. இலையில் இட்டது ஓரளவு; வயிற்றுட் சென்றது ஓரளவு; குருதியிற் கலந்து தசையாகவும் என்பாகவும் மாறியது மற்றோரளவு. இம்மூன்றும் ஒன்றென எண்ணுதல் பொதுமக்கள் இயல்பு. வேறு வேறு எனக் கண்டு, அவற்றின் இடைவெளியை அளந்தறிதல் அறிஞர் தொழில். திருவள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்திலே, முன்னுண்டது செரித்தமையை உணர்ந்து பின்னுண்ணும்படி அறிவுறுத்தினார். உண்ணலினும் செரித்தலையே முதன்மையாகக் கொண்ட மரபு நம்முடையது. ஆதலின், இக்காலப் பல்கலைக்கழகங்களிலே கலாநிதிப் பட்டத்திற்கு உரிய ஆராய்ச்சிப் பொருளாகச் சமிபாடு அமைந்திருத்தல் நமக்கு வியப்புத் தருவதன்று. அவ்வாராய்ச்சிகளுள் ஒன்றன் பொருளை, நம் கல்லூரியின் பழைய மாணவர்க்கும் இன்று பயில்வார்க்கும் எளிதில் விளங்குமாறு ஈண்டு உரைக்கப் புகுகின்றோம். அது காளானினத்து இழையினாற் செய்யப்படும் இறைச்சி நிகர் உணவைப் பற்றியது.

உணவின் வரலாறு

காளான் என்றவுடன் மாரி மழைக்குப்பின் புற்றோரத்தில் முளைக்கும் வெண்குடையே நம் நினைவுக்கு வரும். அக்குடை, செடியிற் காயைப் போல்வது. அவ்வுயிரின் உடலோ மண்ணினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிழைகளாய்ப் பரந்து கிடப்பது. குடை விரிக்காது, இழையாகவே வாழ்நாளைக் கழிக்கும் பங்கசுகளும் பலவுள. அவற்றுள் ஒன்று பியூசேரியம் வெனெனேற்றம் என்பது.

1960ஆம் ஆண்டுகளிலே, உலகின் மக்கட்டொகை பெருகப் புரதவுணவு போதாமற் போகும் என்னும் அச்சம் அறிஞரிடையே எழுந்தது. கோதுமையிற் புரதத்தைப் பிரித்தபின் மிஞ்சும் மாச்சத்தைப் புரதமாக மாற்றவல்ல நுண்ணுயிர் ஒன்றைத் தேடி, பிரித்தானியாவின் இராங்கு ஓவிசு மக்டூகல் என்னும் மாவுக் கம்பனியார் பல நாடுகளின் மண்ணை எடுத்துச் சோதித்தனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மண்மாதிரிகளை ஆராய்ந்தபின், 1967ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மார்லோ என்னும் ஊருக்கு அணித்தாகவே வேண்டியது கிடைத்தது. உலகெங்கும் தேடிய பொருள் வீட்டுக் கொல்லையிலேயே இருந்தது போலும்!

வெனெனேற்றம் என்னும் இலத்தீன் சொல் நஞ்சுடையது எனப் பொருள்படும். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டா. தெரிந்தெடுத்த அவ்வகையைப் பல்லாண்டுகள் சோதித்த பின்னரே பிரித்தானிய அரசு அதனை உணவாக விற்க அனுமதித்தது. 1985ஆம் ஆண்டில் அது குவோர்ண் என்னும் பெயருடன் சந்தைக்கு வந்தது. நஞ்சு சேராதிருத்தலை இன்றும் இடையறாது சோதித்து வருகின்றனர்.

பல மாடி உயரமான கலன்களிலே குளுக்கோசு, அமோனியா, கனிப்பொருள்கள் ஆகியவற்றை ஊட்டி, ஏறத்தாழ 28 முதல் 30 பாகை வெப்பத்தில் அவ்விழையை வளர்க்கின்றனர். விளைந்ததை அப்படியே உண்ணலாகாது. விரைந்து வளரும் உயிராதலின் அதன்கண் ஆர்.என்.ஏ. என்னும் கருவமிலம் மிகுதி. அது நம் உடலிலே யூரிக்கமிலமாக மாறி மூட்டுவாதம் முதலிய துன்பங்களை விளைக்கும். ஆகையால், அறுபத்தைந்து பாகைக்கு மேல் அரைமணி நேரமளவு சூடேற்றுவர். அப்போது கருவமிலம் சிதைந்து இழையினின்றும் வெளியேறும். பின்னர் நீரை இறைத்து, முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து, ஆவியில் அவித்து உறையவைப்பர். பனிப்பளிங்குகள் இழைகளை நெருக்கி ஒருசேர அடுக்குதலால் கோழியிறைச்சியின் நார்த்தன்மை தோன்றுகின்றது. அவ்விழைப் பொருள் 100 கிராமில் ஏறத்தாழப் புரதம் 11 கிராமும், நார் 6 கிராமும், கொழுப்பு 3 கிராமும் உள.

வினா யாது?

இனி, ஆராய்ச்சி மாணவன் எழுப்பும் வினாவைக் கேண்மின். 11 கிராம் புரதம் இருக்கின்றது என்பது பொதியின்மேல் எழுதிய கணக்கு. அதனுள் எவ்வளவு நம்மைச் சேரும்? காளானிழை ஒவ்வொன்றும் ஒரு நுண்குழாய். அகலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கை ஒரு மடங்கெனக் கொண்டால் மூன்று முதல் ஐந்து மடங்கே. புரதம் குழாயின் உள்ளே உளது. குழாயின் சுவரோ கைற்றினாலும் பீற்றா குளுக்கனாலும் ஆயது. நண்டின் ஓட்டிலும் இறாலின் தோட்டிலும் உள்ளது அந்தக் கைற்றினே. இறக்கக்கண்டிக் களப்பில் இறால் பிடிப்போரைக் கேட்டால் அதன் உறுதியைச் சொல்வர். அச்சுவரை உடைக்கும் ஆற்றல் மனிதக் குடலின் நொதியங்களுக்கு மிகச் சிறிது. பெட்டி பூட்டியபடியே இருக்க, உள்ளிருக்கும் பொன் நமக்கு எவ்வாறு பயன்படும்?

விடை கண்ட முறை

இவ்வினாவை ஆராய்ந்தோர் இலண்டன் கிங்சு கல்லூரியையும், நோரிச்சு நகரின் குவாட்ரம் நிறுவனத்தையும் சார்ந்தோர். 2020ஆம் ஆண்டை ஒட்டி அவர்தம் முடிவுகள் வெளிவந்தன. மனிதன் குடலினுள்ளே புகுந்து பார்த்தல் இயலாது. ஆகவே கண்ணாடிக் கலனிலே செயற்கைச் சமிபாட்டை நிகழ்த்துவர். அதற்குப் பல நாட்டறிஞர் கூடி வகுத்த பொதுமுறை ஒன்று 2014ஆம் ஆண்டில் வெளியாயிற்று. உணவு வாய்நிலையில் 2 நிமிடம், இரைப்பை நிலையில் 2 மணி, சிறுகுடல் நிலையில் 2 மணி, 37 பாகை வெப்பத்திலே வைக்கப்படும். இரைப்பை நிலையில் அமிலமும் பெப்சினும், சிறுகுடல் நிலையில் சதையியின் நொதியங்களும் பித்தவுப்பும் சேர்க்கப்படும். ஈற்றில் எவ்வளவு புரதம் வெளிவந்தது என அளந்து, எஞ்சிய இழையை நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்குவர்.

கண்டது யாது? சுவர் உடையவில்லை, ஆயினும் புரதம் வெளிவந்தது. பூட்டுத் திறவாமலே பெட்டியினுள் கை சென்றது எனலாம். சுவர் நுண்துளையுடையது, புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் அத்துளைவழி உட்புகுந்து, புரதத்தைத் துண்டாக்கி வெளிக்கொணர்கின்றன. சூடேற்றுங்கால் கருவமிலத்தின் சிதைவுகள் சுவரைக் கடந்து வெளிவந்தமையை முன்னர்க் கூறினோம். அச்சுவர் அடைபட்ட மதிலன்று என்பதற்கு அதுவும் சான்றாகும்.

வேறும் இரண்டு பயன் தெரியவந்தன. உடையாத இழைகளின் வலையிலே மாச்சத்தைச் சிதைக்கும் அமிலேசு என்னும் நொதியம் அகப்பட்டுக் கொள்கின்றது. அதனால் மாச்சத்தின் சிதைவு குறைகின்றது. பித்தவுப்பும் இழையோடு பிணிக்கப்படுகின்றது. அதனால் கொழுப்பின் சமிபாடு குறைகின்றது. பிணிக்கப்பட்ட பித்தவுப்பு உடலைவிட்டு நீங்குமாயின், ஈரல் குருதியின் கொலசுத்தரோலை எடுத்துப் புதிய பித்தவுப்பைச் செய்யவேண்டும். இவ்வுணவை உண்டோர் சிலரிடம் கொலசுத்தரோல் குறைந்ததற்கு இது காரணமாகலாம். செரியாத நார் பெருங்குடலை அடைய, அங்குள்ள பற்றீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்து உடலுக்கு உதவும் சிறு கொழுப்பமிலங்களை ஆக்குகின்றன.

கலனிற் கண்டது மனிதனிடத்தும் உண்மையாகுமா? எக்செற்றர் பல்கலைக்கழகத்தார் உடற்பயிற்சி பழகிய இளைஞர் 20 பேரிடம் ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, இவ்வுணவு தசைப்புரதம் உருவாதலை நன்கு தூண்டிற்று. ஆயினும் இருபதின்மர் உலகமாகார். நோயாளரும் முதியோரும் அவருள் இலர். இத்துறை ஆராய்ச்சிகள் பலவற்றுக்கு அவ்வுணவைச் செய்யும் கம்பனியே பொருளுதவி செய்துள்ளது என்பதையும் கற்பவர் மனத்திற்கொள்ளல் வேண்டும். ஒரு சிலருக்கு இவ்வுணவு ஒவ்வாமையும் வாந்தியும் தந்ததுண்டு.

நமக்கு இதனால் ஆவதென்ன?

குவோர்ணை உண்மின் எனக் கூற யாம் முற்பட்டிலேம். இறக்கக்கண்டி, நிலாவெளிக் கரைகளிலே வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். தோணி கரையிற் கிடக்கும். மீன் அருகிய அடுப்பிலே பருப்பும் பயறும் கருவாடும் சோயாமீற்றுமே புரதந் தருவன. கந்தசட்டி முதலிய விரத நாள்களிலும் அவ்வாறே. அக்காலத்திற் பிள்ளைகளின் உடல் வளர்ச்சி, உண்ட அளவினால் மட்டுமன்று, சேர்ந்த அளவினாலும் தீர்மானிக்கப்படும். ஆதலால் காளானிழையிடம் கேட்ட வினாவை நம் அடுக்களையிடமும் கேட்டல் தகும்.

பயற்றிலும் கடலையிலும் மாச்சத்தும் புரதமும் கலச்சுவரினுள்ளேயே அடைபட்டுள்ளன. முழுதாக அவித்தவிடத்துச் சுவர் பெரிதும் உடையாது நிற்றலின் மாச்சத்து மெல்லச் செரிக்கும். அரைத்தவிடத்துச் சுவர் சிதைதலின் விரைந்து செரிக்கும். உளுந்தை ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்துத் தோசை சுட்ட நம் பாட்டிமார், ஆய்வுகூடம் இன்றியே சமிபாட்டுக் கலை பயின்றவர் ஆவர். பாட்டிமார் செய்து காட்டினர்; ஏன் என்று அளந்து காட்டுதல் பேரப்பிள்ளைகளின் கடன்.

இவ்விடத்து ஒன்று கூறி எச்சரிப்போம். காட்டிலும் புற்றோரத்திலும் முளைக்கும் காளானை அடையாளம் அறியாது பறித்துண்ணல் உயிருக்கு ஊறாகும். சமைத்தலால் நீங்காத நஞ்சுடையனவும் உள. வேண்டுவோர் வளர்த்த காளானையே கொள்க. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டிலே வெளியிட்ட பால்காளான் வகை, வெப்ப நாட்டிற்கு ஏற்றதொன்றாகும்.

மாணவர்காள்! கலாநிதிப் பட்டம் என்பது பெரிய வினாக்களுக்கு ஒரே நாளிற் கிடைக்கும் விடையன்று. ஒரு நுண்ணிழையின் சுவரில் துளையுண்டோ என்னும் சிறு வினாவோடு ஆண்டுகள் பல பொறுமையாய் இருத்தலே அது. நும்மில் ஒருவர் நாளை நம் கரையின் மீனையும், நம் வயலின் பயற்றையும், நம் தாயார் அரைத்த மாவையும் அவ்வாறு ஆராய்ந்து, கண்டதைத் தமிழில் எழுதுவீராயின், இவ்விழா மலருக்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை. அன்னாரை ஈன்ற பெருமை நம் கல்லூரிக்கு உரியதாகுக.