மாரிகாலத்தில் வீட்டுப் பூஞ்சணமும் அதனைத் தடுக்கும் முறைகளும்

இலங்கையின் வட, கிழக்கு மாகாணங்களில் ஆண்டு மழையின் பெரும்பகுதி மாரிகாலத்திலேயே பெய்கின்றது. அந்நாட்களில் வெயில் காண்பது அரிது. காற்று ஈரப்பதன் நிறைந்ததாகின்றது. அரும்பாடுபட்டு விளைவித்துச் சேமித்த நெல், சோளம், கச்சான், செத்தல் மிளகாய், ஒடியல் முதலியன சாக்குகளிலும் கடகங்களிலும் வீட்டின் ஒரு மூலையிலே கிடக்கின்றன. குடும்பத்தினரும் அதே கூரையின்கீழ், கதவு யன்னல்களை அடைத்துக்கொண்டு படுத்துறங்குகின்றனர். சுவரிலும் சாக்கிலும் பூஞ்சணம் தோன்றும் காலம் இதுவேயாகும்.

இதனைச் சிறு தொல்லையெனக் கருதி, சுவரைத் துணியால் துடைத்துவிட்டும், பூஞ்சணம் பிடித்த கச்சானைப் புடைத்து எடுத்து உண்டும் வருதல் பல வீடுகளில் வழக்கமாக இருக்கின்றது. இவ்வழக்கம் நன்றன்று. பூஞ்சணம் மூச்சின் வழியாகவும் உணவின் வழியாகவும் உடலுக்குத் தீங்கு செய்யவல்லது. அதனைத் தடுக்கும் வழியோ கடினமானதன்று. ஈரலிப்பை நீக்கினாற் பூஞ்சணம் வளராது என்னும் ஒரே உண்மையை அறிந்து, மழைக்கு முன்னரே செயற்படுதல் போதுமானது.

1. பூஞ்சணம் என்பது யாது?

பூஞ்சணம் பங்கசு இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர். பச்சை இலையுடைய தாவரங்களைப்போலத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. ஆகவே தானியம், மரம், துணி, தோல், கடதாசி, வைக்கோல் ஆகியவற்றிற் படிந்து அவற்றையே உணவாகக் கொள்கின்றது. கண்ணுக்குத் தெரியும் பச்சை, கறுப்பு அல்லது வெண்ணிறப் படலம் அதன் ஒரு பகுதியே. அதன் நுண்ணிய இழைகள் பொருளின் உள்ளே ஊடுருவிப் பரவியிருக்கும். மேற்படலத்தைத் துடைத்தபின்னரும் சில நாட்களில் அது மீண்டும் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

பூஞ்சணம் வித்திகளினாற் பெருகுகின்றது. இவ்வித்திகள் தூசியினும் நுண்ணியவை. எல்லா இடங்களிலும் காற்றிற் கலந்திருப்பதால் அவை வீட்டினுள் வராமற் செய்தல் எவராலும் இயலாது. ஆயினும் உலர்ந்த பொருளில் விழும் வித்தி முளைப்பதில்லை; ஈரமான பொருளில் விழுவதே முளைக்கின்றது. எமது நாட்டின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பூஞ்சணத்துக்கு ஏற்றதாகவே உள்ளது. ஆகவே கமக்காரரின் கையில் எஞ்சியிருக்கும் கருவி உலர்த்துதல் ஒன்றேயாம்.

2. மூச்சினால் வரும் தீங்கு

பூஞ்சணம் பிடித்த அறையில் வாழ்வோர் அதன் வித்திகளை இடைவிடாது சுவாசிக்கின்றனர். இதனாற் சிலருக்குத் தும்மல், மூக்கிலிருந்து நீர் வடிதல், கண் கடி, தொண்டைக் கரகரப்பு, இருமல் முதலியன உண்டாகும். தொய்வு நோயுள்ளவர்களுக்கு முட்டு அதிகரிக்கும். ஈரலிப்பும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோரிடையே சுவாச நோய்க் குறிகளும் தொய்வும் மிகுதியாகக் காணப்படுகின்றன என உலக சுகாதார நிறுவனம் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல் எடுத்துக்காட்டுகின்றது. குழந்தைகளும் முதியோரும் நோயினால் உடல் மெலிந்தோரும் இவ்வாறான அறைகளிற் படுத்தல் கூடாது.

கமத்தொழில் செய்வோருக்கு உரிய வேறொரு நோயும் உண்டு. நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலையோ தானியத்தையோ கிளறும்போது எழும் தூசியைச் சுவாசித்தவர்களிற் சிலருக்குச் சில மணி நேரத்தின் பின்னர் காய்ச்சல், குளிர், இருமல், மூச்சுத் திணறல் ஆகியன ஏற்படும். இது சாதாரண தடிமற் காய்ச்சலென்று எண்ணப்பட்டு விடப்படுவதுண்டு. மீண்டும் மீண்டும் இத்தூசிக்கு உட்பட்டால் நுரையீரல் தழும்படைந்து, நிலையான மூச்சுக் கஷ்டம் வந்துசேரும். வைக்கோற் பட்டடையைக் கிளறிய நாளிலேயே காய்ச்சல் வருவதை அவதானித்தவர்கள் அதனை வைத்தியரிடம் தவறாது கூறுதல் வேண்டும்.

3. உணவினால் வரும் தீங்கு

1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் திடீரென இறந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அவற்றுக்குத் தீனியாகக் கொடுக்கப்பட்ட கச்சான் பிண்ணாக்கில் அசுப்பெர்கிலசு பிளேவசு என்னும் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சு இருந்தமை தெரியவந்தது. அப்பூஞ்சணத்தின் பெயரை ஒட்டியே அந்நஞ்சுக்கு அஃபிளாடொக்சின் என்று பெயரிடப்பட்டது. இது ஈரலைத் தாக்கும் நஞ்சு. மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றென்பதும் ஐயமின்றி நிறுவப்பட்டுள்ளது.

2004 ஆம் ஆண்டில் ஆபிரிக்காவிலுள்ள கென்யா நாட்டின் கிழக்குப் பகுதியில் 317 பேர் இந்நஞ்சினாற் பாதிக்கப்பட்டனர். அவர்களுள் 125 பேர் இறந்தனர். அவர்கள் உண்டது தம் சொந்த நிலத்தில் விளைந்த சோளத்தையே. நன்கு உலராத சோளத்தை வீட்டினுள்ளே சேமித்து வைத்தமை இக்கேட்டுக்கு ஒரு முக்கிய காரணமாகக் கண்டறியப்பட்டது. எமது நாட்டிலும் 2021 ஆம் ஆண்டில், இறக்குமதி செய்யப்பட்ட தேங்காயெண்ணெயின் சில தொகுதிகளில் இதே நஞ்சு காணப்பட்டது. ஆகவே இது தூர தேசத்துச் செய்தி மாத்திரமன்று.

ஒரேயடியாக மிகுதியாக உட்கொண்டால் மாத்திரமே தீங்கு என்று எண்ணுதல் தவறு. சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் உடலிற் சேர்வதே பெரும்பாலும் நிகழ்வது. இதன் விளைவு அன்றே தெரிவதில்லை. கச்சான், சோளம் ஆகியவற்றை இடித்து வீட்டிலே ஆக்கும் சத்துமாவைக் குழந்தைகளுக்கு ஊட்டும் தாய்மார் இவ்விடயத்தில் மிகுந்த கவனம் செலுத்துதல் வேண்டும். பிள்ளையின் உடல் தேறவேண்டும் என்று அன்போடு ஊட்டப்படும் மாவே அதற்குத் தீங்காக முடிதல் ஆகாது.

4. பூஞ்சணம் பிடித்த உணவை என்செய்வது?

உணவை எறிதல் பாவம் என்பது எம்மவரின் நெடுங்கால நம்பிக்கை. வறுமையை அறிந்த குடும்பங்களில் அது போற்றத்தக்க பண்பேயாகும். ஆயினும் பூஞ்சணம் பிடித்த தானியத்தைக் காப்பாற்ற முயலும்போது குடும்பத்தின் உடல்நலமே இழக்கப்படலாம். இதுபற்றிப் பரவியுள்ள சில தவறான எண்ணங்களை இங்கு குறிப்பிடுதல் பொருத்தமானது.

(அ) கழுவினாற் போய்விடும் என்பது தவறு. படலம் போகும், உள்ளே ஊறிய நஞ்சு முற்றாகப் போகாது.

(ஆ) அவித்தால் அல்லது வறுத்தால் அழிந்துவிடும் என்பதும் தவறு. சமையல் வெப்பம் பூஞ்சணத்தைக் கொல்லும். ஆனால் அஃபிளாடொக்சின் அவ்வெப்பத்தால் முற்றாக அழிவதில்லை.

(இ) கோழிக்கோ மாட்டுக்கோ கொடுக்கலாம் என்பது மிகவும் தவறு. கோழிகளும், அவற்றினும் மேலாகத் தாராக்களும், இந்நஞ்சினால் எளிதிற் பாதிக்கப்படுகின்றன. கறவைப் பசு உண்ட நஞ்சின் ஒரு பகுதி மாற்றமடைந்து பாலில் வருகின்றது. தானியத்தைத் தின்னாத பிள்ளை பாலின் மூலம் அதனைப் பெறுகின்றது.

(ஈ) எண்ணெய் ஆட்டலாம் என்பதும் தவறு. பூஞ்சணம் பிடித்த கச்சானிலிருந்தும் கொப்பராவிலிருந்தும் ஆட்டிய எண்ணெயில் நஞ்சின் ஒரு பகுதி சேரும். பெரும்பகுதி பிண்ணாக்கிலே தங்கும்.

கச்சான் முழுவதும் நன்றாயிருக்க, சில பருப்புகள் மாத்திரம் நிறம் மாறியோ சுருங்கியோ உடைந்தோ காணப்பட்டால், அவற்றைக் கையாற் பொறுக்கி நீக்குதலே முறை. இவ்வாறு பொறுக்குதல் நஞ்சின் அளவைப் பெரிதும் குறைக்கும். சாக்கு முழுவதும் பூஞ்சண வாடை வீசினால் அதனை உண்ணாது, விற்காது, ஆழக் குழி தோண்டிப் புதைத்துவிடுதல் வேண்டும்.

5. உலர்த்துதலும் உப்புச் சோதனையும்

சேமிக்கும் நெல்லின் ஈரலிப்பு நூற்றுக்கு 14 வீதத்துக்கும், சோளத்தினது 13 வீதத்துக்கும், கச்சான் பருப்பினது 8 வீதத்துக்கும் மேற்படல் ஆகாது. கச்சானைக் கிண்டும்போது மண்வெட்டி பட்டு உடைந்த காய்களைச் சேமிப்பதிற் சேர்த்தல் கூடாது. பூஞ்சணம் எளிதில் நுழைவது இக்காய்களிலேயாம். தானியத்தை வெறு நிலத்திற் பரப்பாது, பாய், படங்கு அல்லது சீமந்துத் தளத்தில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிக் காயவிடுதல் வேண்டும். மாலையில் அதனைக் குவித்து மூடிப் பனியிலிருந்து காத்தல் அவசியம். வெயிற் சூட்டோடு சாக்கில் அடைக்காமல், ஆறிய பின்னரே அடைத்தல் வேண்டும்.

ஈரலிப்பை அளக்கும் கருவி எல்லா வீடுகளிலும் இராது. அதற்குப் பதிலாகப் பின்வரும் எளிய சோதனையைச் செய்யலாம்.

ஈரமில்லாத, மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுக்கவும். சட்டியில் வறுத்து ஆறவிட்ட தூள் உப்பில் இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி அளவை அதனுள் இடவும். போத்தலின் மூன்றிலொரு பங்குவரை தானியத்தை நிரப்பி, இறுக மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கவும். பின்னர் 15 நிமிடம் அசையாது வைக்கவும். உப்புப் போத்தலின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் தானியத்தின் ஈரலிப்பு நூற்றுக்கு 15 வீதத்துக்கு மேலுள்ளது. அதனைச் சேமித்தல் ஆகாது. உப்பு ஒட்டாது விழுந்தால் 15 வீதத்துக்குக் குறைந்துள்ளது என்று கொள்ளலாம். அப்போதும் மேலும் ஒரு நாள் வெயிலில் இடுதல் பாதுகாப்பானது.

சாக்குகளை நிலத்தில் வைத்தல் கூடாது. அரை அடி உயரமான மரச் சட்டத்தின்மீது, சுவரிலிருந்து ஓரடிக்குக் குறையாத இடைவெளி விட்டு அடுக்குதல் வேண்டும். மழை ஓய்ந்து வெயில் தோன்றும் நாட்களில் சாக்குகளினுள்ளே கையை விட்டுப் பார்க்கவும். சூடோ வாடையோ இருந்தால் உடனே வெளியே எடுத்துக் காயவிடவும்.

6. வீட்டை ஈரலிப்பிலிருந்து காத்தல்

வீட்டினுள் ஈரலிப்பு நான்கு வழிகளில் வருகின்றது: கூரை ஒழுக்கு, சுவரின் அடியிலிருந்து ஏறும் நிலத்தடி ஈரம், சமையலின் ஆவி, வீட்டினுள் உலர்த்தும் ஈர உடைகள். ஆகவே புரட்டாதி மாதம் முடியுமுன்னர் பின்வரும் வேலைகளைச் செய்து முடித்தல் வேண்டும்.

(அ) உடைந்த ஓடுகளை மாற்றி, கிடுகு வீடாயின் உக்கிய கிடுகுகளை அகற்றிப் புதிதாக வேய்தல்.

(ஆ) பீலிகளில் அடைந்துள்ள இலைகுழைகளை நீக்கி, கூரைநீர் சுவரோரத்தில் தேங்காது ஓட வாய்க்கால் வெட்டுதல்.

(இ) சுவரோடு அணைத்துக் குவித்துள்ள மண், விறகு, மட்டை ஆகியவற்றை அப்புறப்படுத்துதல்.

(ஈ) குசினிப் புகையும் ஆவியும் வெளியேறப் போதிய வழி அமைத்தல்.

மாரிகாலத்தில் மழையில்லாத வேளைகளில் எதிரெதிரான யன்னல்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குதல் வேண்டும். அலுமாரி, பெட்டகம், கட்டில் ஆகியவற்றைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைக்கவும். வெள்ளத்தில் நனைந்த பாய், மெத்தை, துணி ஆகியவற்றை 48 மணி நேரத்துக்குள் உலர்த்த முயலவும். அதற்கு மேற்பட்டால் பூஞ்சணம் தொடங்கிவிடக்கூடும்.

7. தோன்றிய பூஞ்சணத்தை அகற்றுதல்

முதலில் ஈரத்தின் காரணத்தைக் கண்டு நீக்குதல் வேண்டும். ஒழுக்கை நிறுத்தாது சுவரைக் கழுவுதல் வீண் முயற்சி. பூஞ்சணத்தின்மேல் நேரே சுண்ணாம்போ வர்ணமோ பூசுதலும் பயனற்றது; சில கிழமைகளில் அது பூச்சை உரித்துக்கொண்டு வெளிவரும்.

உலர்ந்த படலத்தைத் தும்புத்தடியாற் கூட்டுதல் கூடாது. வித்திகள் வீடெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடி, யன்னல்களைத் திறந்து, சவர்க்கார நீரில் தோய்த்த தூரிகையால் தேய்த்துக் கழுவி, பின்னர் நன்றாக உலரவிடவும். சீமந்துச் சுவரில் கறை நீங்காவிடின், கடையில் விற்கும் குளோரின் வெளிற்றுந் திரவத்தை 4 லீற்றர் நீருக்கு 250 மில்லிலீற்றருக்கு மேற்படாமற் கலந்து பூசலாம். அப்போது கையுறை அணிதல் அவசியம். அத்திரவத்தை வினாகிரி, அமோனியா, மலசலகூடம் கழுவும் திரவம் ஆகியவற்றுடன் ஒருபோதும் கலத்தல் கூடாது. உயிருக்கு ஆபத்தான நச்சு வாயு உண்டாகும். தொய்வு நோயாளரும் குழந்தைகளும் இவ்வேலை நடக்கும்போது அவ்வறையில் இருத்தல் ஆகாது. ஆழமாகப் பூஞ்சணம் பிடித்த பாயும் தலையணையும் மெத்தையும் மீளப் பயன்படா.

8. சுருக்கம்

மழைக்கு முன்னர் கூரையைத் திருத்துக. தானியத்தை நன்றாக உலர்த்தி, உப்புச் சோதனை செய்து சேமிக்குக. சாக்கை நிலத்திலும் சுவரிலும் படாது வைக்குக. பூஞ்சணம் பிடித்த உணவை மனிதருக்கும் விலங்குக்கும் கொடாது விடுக. நீங்காத இருமலோ முட்டோ இருப்பின் வைத்தியரை நாடுக. உலர்த்துதல் பற்றி ஐயமுள்ளோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

ஒரு சாக்குக் கச்சானை இழத்தல் ஒரு போகத்து நட்டமே. அடுத்த போகத்தில் அதனை ஈடுசெய்யலாம். கெட்டுப்போன ஈரலையும் நுரையீரலையும் எந்தப் போகத்திலும் விளைவித்தல் இயலாது. ஆகவே வெயில் உள்ளபோதே உலர்த்துவது கமக்காரரின் கடமையாகும்.