சுக்‌ஷ்பிட்சே ஏறப் போகிறீர்களா?

ஜெர்மனியின் மிக உயரமான சிகரம் இது: 2,962 மீட்டர். உச்சியிலேயே ஆஸ்திரிய எல்லை ஓடுகிறது.

முதல்முறை ஏறுபவர்களுக்கு ரைன்டால் பள்ளத்தாக்கு வழிதான் தோது. கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஹென் ஊரின் ஒலிம்பிக் பனிச்சறுக்கு அரங்கில் தொடங்கி, பார்ட்னாக் ஆறு குடைந்த குறுகிய மலையிடுக்கு வழியே பாதை போகும். பாறைச் சுவர் இருபுறமும் சொட்டும். மழைக்கோட்டைப் பையின் மேலாகவே வைக்கவும். இந்த வழியில் சாகசம் குறைவு, தூரம்தான் ஆளை வாட்டும்: சுமார் 21 கிலோமீட்டர் நடை, 2,200 மீட்டர் ஏற்றம். ஒரே நாளில் முடிக்கும் வீராப்பு வேண்டாம். 1,370 மீட்டர் உயரத்திலுள்ள ரைன்டாலாங்கர் குடிலில் இரவு தங்கலாம். படுக்கைக்கு முன்பதிவு அவசியம். கையில் கொஞ்சம் யூரோ நோட்டும் இருக்கட்டும்.

ஹோலன்டால் வழி வேறு ரகம். பனியாற்றைக் கடக்கக் காலணியில் மாட்டும் இரும்பு முள், பாறையில் பதித்த கம்பிவடத்தோடு கோத்துக்கொள்ள இடுப்புவார், தலைக்கவசம் எல்லாம் தேவை. அனுபவமில்லாதவர்கள் வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது.

கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். இரும்புக் கம்பியைப் பிடித்தபடி மின்னலில் சிக்காமலிருக்க, விடியலிலேயே கிளம்பவும்.

இறங்க முழங்கால் மறுத்தால் 1930 முதல் ஓடும் பல்சக்கர ரயில் உண்டு. 2017-இல் திறந்த கேபிள் கார் ஐப்ஸே ஏரிக்கரையில் கொண்டுவந்து விடும். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையிலேயே பார்த்துக்கொள்ளவும்.