முன்ஷி அப்துல்லா ஓதிய பள்ளி: நம் மக்களுக்கு ஒரு பாடம்



கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு ஜாலான் முன்ஷி அப்துல்லா என்னும் வீதி புதிதன்று. வியாபார அலுவலாக அவ்வழியே பலமுறை போய் வந்திருப்போம். அந்த முன்ஷி அப்துல்லா யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால், மலாய் இலக்கியப் பெரியார் என்று சொல்வார்கள். அவருடைய மூதாதையர் நாகூரில் வாழ்ந்தவர்கள் என்பதும், அவர் சிறு வயதில் முறையாகத் தமிழ் பயின்றவர் என்பதும் நம் வீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. தம்முடைய பள்ளிக்கூட நாட்களையும், ஆசிரியர்களையும், மார்க்கக் கல்வியையும் பற்றி அவர் விரிவாக எழுதி வைத்துச் சென்றிருக்கிறார். 1849-ல் சிங்கப்பூரில் அச்சான 'ஹிகாயத் அப்துல்லா' என்னும் அந்த நூலிலிருந்து நமக்குக் கிடைக்கும் படிப்பினையையே இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பெரியாச்சியின் பள்ளிக்கூடம்

யமன் நாட்டிலிருந்து ஷெய்கு அப்துல் காதிர் என்ற ஆசிரியர் நாகூருக்கு வந்து, மக்களுக்கு ஓதிக்கொடுத்து, அங்கேயே திருமணமும் செய்துகொண்டார். அவருடைய மக்களில் ஒருவரான முஹம்மது இப்ராஹீம் மலாக்காவுக்கு வந்து பெரியாச்சி என்ற பெண்மணியை மணந்தார். இவ்விருவரின் பேரரே நம் அப்துல்லா. பிறந்தது 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில்.

அப்துல்லாவின் முதல் பள்ளிக்கூடம் இந்தப் பாட்டியாருடையது. மலாக்காவின் கம்போங் பாலியில் ஆணும் பெண்ணுமாக ஏறத்தாழ 200 பிள்ளைகள் அவரிடம் குர்ஆன் ஓதினர், எழுத்துக் கற்றனர். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி இத்தனை பிள்ளைகளுக்குத் தலைமை ஆசிரியையாக இருந்தார் என்பதைப் பெண்மக்களைப் பெற்ற நாம் ஒருகணம் நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அக்காலப் பள்ளிகளின் தண்டனைகளையும் அப்துல்லா மறைக்காமல் எழுதுகிறார். பிரம்புத் துண்டுகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிப்பது, உள்ளங்காலில் அடிப்பது, சங்கிலியில் கட்டையைப் பிணைத்து இழுக்கச் செய்வது, புகையில் நிறுத்துவது என்று அவை பலவிதம். அந்தத் தண்டனைகள் ஒழிந்தது நல்லதே. ஆனால் அவர் சொல்லும் மற்றொரு குறை இன்னும் ஒழிந்தபாடில்லை. குர்ஆனை ஓதி முடிப்போர் பலர், அதன் பொருளை அறிவோர் மிகச் சிலர் என்று அவர் வருந்தினார். இன்று கத்தம் ஓதி நெய்ச்சோறு ஆக்கி மகிழும் நாம், பிள்ளை ஓதிய ஒரு சிறு சூராவுக்காவது பொருள் கேட்டதுண்டா?

வர்த்தகத்தின் மொழியாகத் தமிழ்

குர்ஆன் ஓதி முடித்த பின்னர் அப்துல்லாவைத் தந்தையார் தமிழ் ஆசிரியரிடம் அனுப்பினார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது மலாக்காவில் முன்னோர் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்று அப்துல்லாவே காரணம் கூறுகிறார். துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் நிறைந்திருந்தனர். கணக்கு வழக்குக்கும் கொடுக்கல் வாங்கலுக்கும் தமிழே வேண்டியிருந்தது.

இரண்டாண்டுக்கு மேல் அவர் தமிழ் படித்தார். அதனால் அவருடைய மலாய் குன்றிவிடவில்லை. நவீன மலாய் உரைநடையின் தந்தை என்று பின்னாளில் இந்நாடே அவரைப் போற்றுகிறது. பிள்ளைக்குத் தமிழும் சேர்ந்தால் மலாயும் ஆங்கிலமும் கெட்டுவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமோ? கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுத்து, அவர்களிடமே இந்துஸ்தானியும் கற்றார். 'முன்ஷி', அதாவது மொழி ஆசிரியர், என்று அவரை முதன்முதல் அழைத்தவர்களும் அந்தச் சிப்பாய்களே.

பாடம் கேட்ட தந்தை

நிற்க. அப்துல்லா இவ்வளவு கற்றதற்கு மூல காரணம் யாது? அவருடைய தந்தையார் வர்த்தகர். வேலை ஓயாதவர். ஆயினும் மகன் எழுதியதைத் தாமே பார்த்து, தாமே பிழை திருத்தி வந்தார். மிகவும் கண்டிப்பானவர். எதை எழுதிக்காட்டினாலும் குறை கூறுகிறாரே, நம்மை வெறுக்கிறாரோ என்று சிறுவன் மனம் நொந்து அழுதான். தாயார் அவனை அணைத்து, பெற்றோர் விட்டுச் செல்லும் பொருள் ஒருநாள் அழியும், கல்வி அழியாது என்ற கருத்துப்பட ஆறுதல் கூறினார்.

ஒரு நாள் தந்தையார் இல்லாத வேளையில் நகுதா ஒருவர் கடன் பத்திரம் எழுதிக்கொள்ள வந்தார். பையன் தானே துணிந்து எழுதிக்கொடுத்துக் கூலியும் பெற்றான். அதன் பின் அத்தொழில் மெள்ள மெள்ள மகனின் கைக்கு வந்தது. அந்தக் கண்டிப்பின் அருமையை அப்துல்லா வளர்ந்த பிறகே உணர்ந்தார். நன்றியோடு எழுதியும் வைத்தார்.

சகோதரர்களே! நம் நிலையை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்போம். நம்மில் பலர் பிள்ளை விழிக்குமுன் கடைக்குப் புறப்படுகிறோம். உணவுக்கடைக்காரர் வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கிப் பல மணி நேரம் ஆகியிருக்கும். கட்டணம் கட்டுகிறோம், டியூஷன் வைக்கிறோம், புத்தகம் வாங்கித் தருகிறோம். பாடத்தை மட்டும் கேட்பதில்லை. பள்ளிவாசல் தாழ்வாரத்தில் நம் மாணவர்களிடம் பேசிப் பார்த்தால், அவர்கள் உள்ளத்தில் எத்தனையோ எண்ணங்கள் இருப்பது தெரியும். ஓர் ஆசிரியை ஏன் அன்பானவர், ஒரு பாடம் ஏன் கசக்கிறது, துஆ கேட்டும் பரீட்சையில் ஏன் மதிப்பெண் குறைந்தது, நோன்போடு விளையாட்டு வகுப்பில் ஓடியபோது என்ன தோன்றியது என்றெல்லாம் சொல்ல அவர்கள் ஆவலாயிருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

வேற்று மதத்து ஆசிரியர்

1815-ல் வில்லியம் மில்ன் என்ற கிறிஸ்தவப் பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். அவரிடம் அப்துல்லா ஆங்கிலம் கற்கத் தொடங்கியபோது ஊரார் பயமுறுத்தினர். மார்க்கம் போய்விடும் என்று தந்தையாரும் முதலில் எதிர்த்தார். அப்துல்லா ஆங்கிலமும் கற்றார். பாதிரிமாரிடம் வேலையும் செய்தார். கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்து, 1854-ல் ஹஜ்ஜுக்குச் சென்ற பயணத்தில் காலமானார். ஆங்கிலேயரை அளவுக்கு மிஞ்சிப் புகழ்ந்தார் என்ற குறை அவர்மீது உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனால் பிறரிடம் பாடம் கற்றதால் அவருடைய ஈமான் கரைந்துவிடவில்லை. வீட்டில் இட்ட அடித்தளம் உறுதியாயிருந்தது.

இதற்கு முன்மாதிரி நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்காவாசிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனாவின் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்தறிவித்தால் அதுவே அவர்களுக்கு விடுதலைப் பணம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதாக வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அந்த ஆசிரியர்கள் முஸ்லிம்கள் அல்லர். நேற்றுவரை வாளெடுத்து எதிர்த்தவர்கள். இன்று பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நம் பிள்ளைகள் மலாய் ஆசிரியரிடமும் சீன ஆசிரியரிடமும் இந்துத் தமிழாசிரியரிடமும் ஒரே நாளில் பாடம் கேட்கிறார்கள். எல்லோரையும் ஒரேவிதமாக மதிக்கப் பழக்குவது நம் கடமை. வீட்டில் ஆசிரியரை இகழ்ந்து பேசினால், பிள்ளை மறுநாள் அவர் பாடத்தையும் இகழும்.

நம் கையில் உள்ளவை

பிள்ளையைத் தேசியப் பள்ளியில் சேர்த்தால் தமிழ் போய்விடும், தமிழ்ப்பள்ளியில் சேர்த்தால் மார்க்கம் போய்விடும் என்று நம்மவர்கள் பேசிக்கொள்வதுண்டு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இவ்விரண்டுக்கும் வழி செய்திருக்கிறது. தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்யப்பட வேண்டும். எந்தக் கல்விக்கூடத்திலும் 5 முஸ்லிம் மாணவர் இருந்தால் அவர்களுக்கு மார்க்கக் கல்வி அளிக்கப்பட வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். தனி ஒருவர் கேட்பதைவிட ஜமாஅத்தாகச் சேர்ந்து, பெயர்களை எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுப்பது நலம்.

கேட்காமல் விட்டால் என்னவாகும் என்பதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் ஒரு தமிழ்ப்பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டியது. செல்வச் சீமான்கள் அல்லாத நம்மவர்கள் கூடி எழுப்பிய கல்விக்கூடம் அது. பிற்பாடு உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்ப அனுப்ப மாணவர் தொகை சுருங்கி, 1982-ல் அது மூடப்பட்டது. கட்டடம் எழுப்புவது பாதி வேலை. பிள்ளையை அனுப்பி வைப்பது மறுபாதி.

இவ்வாரப் பயிற்சி

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே கால் மணி நேரம் ஒதுக்குவோம். வீட்டுக்குப் போக இயலாதவர் பிள்ளையைக் கடைக்கு வரச்சொல்லி, கல்லாவை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அமரலாம். மகனுக்கும் மகளுக்கும் ஒன்றுபோலவே கீழ்க்கண்டவற்றைக் கேட்போம்:

1. இன்று எந்த ஆசிரியர் என்ன சொல்லிக்கொடுத்தார்? அதை எனக்குச் சொல்லிக்கொடு.

2. இன்று ஓதிய ஆயத்தின் பொருள் என்ன? (தெரியாவிட்டால் இருவரும் சேர்ந்து ஹஜ்ரத்திடம் கேட்டறிக.)

3. உன்னோடு படிக்கும் வேற்று மதத்து மாணவன் ஒருவனிடம் நீ கண்ட நற்குணம் எது?

4. இன்றைய நாளைப் பற்றி ஐந்து வரி தமிழில் எழுதிக்காட்டு.

நான்காவது கேள்விக்கு வரும் விடையில் பிழைகள் இருக்கும். அப்துல்லாவின் தந்தையைப் போல் திருத்துவோம். அவருடைய தாயாரைப் போல் அணைத்தும் கொள்வோம். பெரும்பொருள் தேடி வைத்தவர்களின் பெயரெல்லாம் மலாக்காவில் மறைந்துபோயிருக்க, தந்தை பாடம் கேட்ட மகனின் பெயர் நம் கடைத்தெருவின் பக்கத்திலேயே வீதிப் பலகையில் நிற்கிறது.

வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயன்தரும் கல்வியையும், அதைக் கேட்டு மகிழும் ஓய்வை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.