நிவாரணம் அறிவிச்சாச்சு, கைக்கு வந்ததா?

நம்பிக்கை: வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட எல்லோருக்கும் பணம் கிடைத்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுவட்டாரத்தையும் மூழ்கடித்தபோது, தமிழக அரசு குடும்பத்துக்கு ₹6,000 அறிவித்தது. டோக்கன் வாங்கி, ரேஷன் கடையில் ரொக்கமாகப் பெற்றுக்கொள்ளலாம். வங்கிக்கு அலைய வேண்டியதில்லை என்ற அளவில் நல்ல ஏற்பாடு. ஆனால், ஒரே ரேஷன் அட்டையில் அண்ணன் தம்பி இருவர் தனித்தனியே உலை வைத்தாலும் கணக்கில் அது ஒரு குடும்பம்தான். அட்டையைச் சொந்த ஊரில் விட்டுவிட்டுச் சென்னையில் வாடகைக்கு இருப்பவருக்கு டோக்கனே வராது. அட்டை இல்லாதவர்கள் மனு கொடுக்கலாம் என்று அரசு வழி விட்டது உண்மை. ஆனால் மனு என்றாலே ஆதார், பாஸ்புக், முகவரிச் சான்று என்று கேள்வி வரும். இடுப்பளவு தண்ணீர் நின்ற வீட்டில், டிரங்குப் பெட்டிக்குள் இருந்த அந்தக் காகிதங்களும் சேர்ந்துதான் ஊறிப்போயிருக்கும்.

நம்பிக்கை: வங்கிக் கணக்கில் போட்டால் ஒரு ரூபாய் குறையாது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது. தப்பிப் பிழைத்தவர்களுக்குக் கேரள அரசு அவசர உதவியாக ₹10,000 வழங்கியது. அந்தப் பணம் வந்து விழுந்த கணக்குகள் சிலவற்றிலிருந்து கேரள கிராமிய வங்கி கடன் தவணையைப் பிடித்துக்கொண்டது. மக்கள் கொதித்தெழுந்து போராடிய பிறகுதான் பணம் திரும்பியது. வீடும் உறவும் போனவர்களின் சோற்றுப் பணத்தில் தவணை கழிப்பது கொடுமை.

நம்பிக்கை: பயிர் அழிந்தால் நிவாரணம் பயிரிட்டவருக்கு.

ஏழை விவசாயி அதிகம் அடிபடுவது இங்கேதான். பயிரில் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் என்று கணக்கெடுத்தால் நிவாரணம் உண்டு. ஆனால் கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) கேட்பது நில உடைமையைக் காட்டும் சிட்டாவும் பயிர்க் கணக்கான அடங்கலும். காவிரி டெல்டாவில் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுபவரிடம் இவை எப்படி இருக்கும்? 1955-ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் நிலத்தில் உரிமை தந்துவிடுமோ என்று அஞ்சும் உடைமையாளர், குத்தகையை எழுத்தில் ஒப்புக்கொள்வதில்லை. விதை, உரம், நடவுக்கூலி எல்லாம் குத்தகைக்காரர் கடன் வாங்கிப் போட்டது; பணமோ பட்டாக்காரர் கணக்குக்குப் போகிறது. அவர் மனம் வைத்துக் கொடுத்தால்தான் உண்டு.

2018 கஜா புயலில் விழுந்த தென்னைகளுக்கு, மரம் ஒன்றுக்கு ₹1,100 என்று உடைமையாளர்களுக்குக் கணக்கிட்டார்கள். அந்தத் தோப்பில் தேங்காய் பறித்தும் மட்டை உரித்தும் பிழைத்தவர்களுக்கு, போன வேலைக்கென்று அப்படி ஒரு கணக்கு இல்லை.

குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழகத்தில் 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது; பயிர் நிற்கும்போதே விஏஓ வயலுக்குப் போய், உழுபவர் பெயரை அடங்கலில் ஏற்ற வேண்டும். புயலுக்குப் பிறகு எடுக்கும் கணக்கெடுப்பில் அந்தப் பெயரைத் தேடிப் பயனில்லை.