குறைபாடும் வறுமையும்: வரவு செலவில் ஒரு பாடம்

வரவு குறைந்தால் செலவைச் சுருக்கிக் குடும்பம் நடத்துவது நம் வழக்கம். மாற்றுத்திறனாளி ஒருவர் வாழும் ஏழைக் குடும்பத்தில் இவ்வழி அடைபட்டுவிடுகிறது. அங்கு வரவு குறையும்போதே செலவு கூடுகிறது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். அவர்களுள் 69 விழுக்காட்டினர் சிற்றூர்களில் வாழ்வோர். ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் எழுத்தறிவு பெறாதோர்.

முதலில் வரவைக் காண்போம். பள்ளி செல்ல இயலாத குழந்தைக்கு, வளர்ந்தபின் கிடைப்பது கூலி குறைந்த வேலையே. பலருக்கு அதுவும் கிட்டுவதில்லை. உடனிருந்து பேணும் தாயும் தம் கூலியை இழக்கிறார். அவ்விழப்பு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

அடுத்தது செலவு. மருந்து, சக்கர நாற்காலி, அதன் பழுதுபார்ப்பு, பேருந்தில் ஏற இயலாமையால் ஆட்டோ வாடகை எனப் பட்டியல் நீள்கிறது. இரு குடும்பங்கள் மாதம் 10,000 ரூபாய் ஈட்டுவதாகக் கொள்வோம். ஒன்றில் இவற்றுக்கே 3,000 ரூபாய் செலவாகுமாயின், இரண்டையும் சமநிலையில் வைப்பது எவ்வாறு பொருந்தும்? ஈட்டுவதில் உள்ள தடை வேறு, ஈட்டியதை நல்வாழ்வாக மாற்றுவதில் உள்ள தடை வேறு என்று பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பிரித்துக் காட்டினார். வருமானத்தை மட்டும் அளக்கும் வறுமைக்கோட்டுக்கு இரண்டாவது தடை புலப்படுவதில்லை.

வறுமையும் குறைபாட்டை விளைவிக்கிறது. கண்புரைக்கு உரிய காலத்தில் அறுவை செய்தால் பெரும்பாலும் பார்வை மீளும். வசதியற்றவருக்கோ அது பார்வையிழப்பாகவே நின்றுவிடுகிறது. ஊட்டக்குறைவும் பாதுகாப்பற்ற பணியிடமும் இவ்வாறே ஏழையரைத் தாக்குகின்றன.

இச்சுழலை அறுக்கச் சட்டம் துணைநிற்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காட்டை ஒதுக்குகிறது. வங்கிகளுக்கும் கடமை உண்டு. காசோலைப் புத்தகம், ஏடிஎம் அட்டை, பாதுகாப்புப் பெட்டகம், சில்லறைக் கடன் ஆகியவற்றைப் பார்வையற்றோர் என்பதற்காக எவருக்கும் மறுத்தலாகாது என்பது இந்திய ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. கையொப்பமிட இயலாதவர், வங்கி அலுவலர் ஒருவர் உள்ளிட்ட இரு சாட்சிகள் முன்னிலையில் கைவிரல் அல்லது கால்விரல் ரேகை பதித்துப் பணம் பெறலாம்.

ஆகவே, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர் முதலில் அதற்குரிய சான்றிதழைப் பெறுக. சலுகைகள் பலவற்றுக்கும் அதுவே அடிப்படை. அடுத்து, வங்கிக் கணக்கைத் தம் பெயரிலேயே தொடங்குக. உதவித்தொகையும் கடனும் தம் கணக்கிலேயே வந்து சேருமாயின், அதனை எவ்வாறு செலவிடுவது என்பதையும் அவரே முடிவு செய்யலாம்.