டோல்கோக் ஓடும் நாளில் போங்கள்

வேல்ஸின் மேற்குக் கரையில் டவின் என்ற சிறிய கடலோர ஊர் இருக்கிறது. அங்கிருந்து ஏழேகால் மைல் தூரம் மலைப் பள்ளத்தாக்குக்குள் ஏறிப்போகிறது டாலிலின் ரயில். அதில் ஏறப்போகிறீர்கள் என்றால், பயண நாளை முடிவுசெய்யும் முன்பே ரயில்காரர்களிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அன்றைக்கு எந்த எஞ்சின்? டோல்கோக் என்று பதில் வந்தால், மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அன்றைக்கே போங்கள்.

டோல்கோக் 1866-இல் பிறந்த நீராவி எஞ்சின். இங்கிலாந்தின் ஒயிட்ஹேவன் ஊரில் ஃபிளெட்சர் ஜென்னிங்ஸ் பட்டறையில் செய்தது. அதே பட்டறை 1864-இல் செய்த டாலிலின் என்ற எஞ்சின்தான் அதன் அண்ணன். இரண்டும் இதே பாதைக்காகவே செய்யப்பட்டவை. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டேகால் அடிதான், அதாவது 686 மில்லிமீட்டர். இந்த அளவில் பிரிட்டனில் பாதைகள் மிகக் குறைவு.

இரண்டையும் அடையாளம் காண்பது சுலபம். பாய்லரின் முதுகில் சேணம்போலத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அது டாலிலின். டோல்கோக்கின் முதுகில் தொட்டி கிடையாது. சக்கரங்களும் நான்கே. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். பின் அச்சு நெருப்பறைக்கும் பின்னால் போய்விடும். அண்ணனுக்கும் முதலில் நான்கு சக்கரங்கள்தான். ஓடும்போது மேலும் கீழுமாகக் குதித்ததால் பட்டறைக்குத் திருப்பி அனுப்பி, பின்னால் ஒரு ஜோடி சேர்த்தார்கள்.

பாதை பிறந்த கதையும் விசித்திரமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்றுபோகவே, மான்செஸ்டர் பஞ்சாலை முதலாளிகள் சிலர் தங்கள் பணத்தைச் சிலேட்டுக் கல்லில் போட்டார்கள். பிரின் எக்ல்விஸ் குவாரியின் கல்லைக் கீழே கொண்டுவரப் போட்டதுதான் இந்த ரயில். 1911-இல் ஹேடன் ஜோன்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் குவாரியையும் ரயிலையும் வாங்கினார். 1946 டிசம்பரில் சுரங்கம் இடிந்து குவாரி மூடப்பட்டது. ஆனாலும் தாம் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்றார் அவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அந்தச் சொல்லைச் சுமந்தது டோல்கோக். 1945-க்குப் பிறகு டாலிலின் ஓடும் நிலையில் இல்லை. இருந்தது இந்த ஒரே எஞ்சின். தண்டவாளங்களைப் பல இடங்களில் பிடித்துவைத்திருந்தது புல்தான். ஹேடன் ஜோன்ஸ் 1950 ஜூலையில் காலமானார். அக்டோபர் 11 அன்று டாம் ரோல்ட் என்ற எழுத்தாளரும் நண்பர்களும் பர்மிங்ஹாமில் கூட்டம் கூட்டி, சம்பளமில்லாமல் நாமே ஓட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். தன்னார்வலர்கள் ஒரு ரயிலைக் காப்பாற்றி ஓட்டியது உலகில் அதுவே முதல் முறை. 1951 மே 14 அன்று அவர்களுடைய முதல் வண்டியை இழுத்ததும் டோல்கோக்தான். அன்றைக்கு அது நின்றுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது. மற்ற எஞ்சின்கள் வந்து சேர்ந்த பிறகுதான் அதற்கு ஓய்வும் முழுப் பழுதுபார்ப்பும் கிடைத்தன.

பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒன்றைச் சொல்லி அழைத்துப் போகலாம். தாமஸ் ரயில் கதைகளை எழுதிய ஆட்ரி பாதிரியார் இங்கே தன்னார்வலராக வேலை செய்தவர். அவர் கதையில் வரும் ரினியாஸ் இந்த டோல்கோக், ஸ்கார்லோயி, டாலிலின்.

பர்மிங்ஹாமிலிருந்து ஷ்ரூஸ்பரி வழியாக ரயிலிலேயே டவின் வரை வந்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: மஹன்லெத் நிலையத்தில் வண்டி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அபரிஸ்ட்வித்துக்குப் போய்விடும். புல்ஹெலி போகும் பெட்டியில்தான் இருக்கிறோமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இடது பக்கம் உட்கார்ந்தால் டவி ஆற்றின் கழிமுகம் கூடவே வரும். டவினில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் டாலிலின் ரயில் கிளம்பும் வார்ஃப் நிலையம்.

ரயில் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வார்ஃப் நிலையத்திலேயே குறும்பாதை ரயில்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. ஆட்ரியின் படிப்பறையையும் அங்கே அமைத்துவைத்திருக்கிறார்கள். பெட்டிகளில் 1860-களின் பழைய பெட்டிகளைத் தேடி ஏறுங்கள். கதவு ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். 1866-இல் சோதிக்க வந்த அரசு அதிகாரி டைலர், பாலத்துச் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே 2 அடி இடம்கூட இல்லை என்று கண்டார். விதிப்படி இரண்டரை அடி வேண்டும். பாலங்களை இடித்துக் கட்டுவதற்குப் பதிலாக ஒரு பக்கக் கதவுகளை நிரந்தரமாக மூடி, பாலத்தடியில் தண்டவாளத்தையும் ஓரமாக நகர்த்தினார்கள். அந்த ஏற்பாடு இன்றும் தொடர்கிறது. கதவுப் பக்கம் இடம் பிடியுங்கள்.

வழியில் டோல்கோக் நிலையத்தில் கட்டாயம் இறங்குங்கள். எஞ்சினுக்குப் பெயர் கொடுத்த இடம் அது. அருகிலேயே அருவி. மூன்று வளைவுப் பாலமும் அங்கேதான். இடையில் இறங்கி ஏற அனுமதி உண்டா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். வழுக்காத செருப்பும் மழைக்கோட்டும் இல்லாமல் வேல்ஸில் எங்கும் போக வேண்டாம். கடைசி நிலையமான நான்ட் குவெர்னோலில் ரயில் வெகுநேரம் நிற்காது. தேநீர் குடிக்க அதற்கு முந்தைய அபர்கினோல்வின்தான் சரியான இடம்.

குளிர்காலத்தில் பெரும்பாலான நாட்களில் ரயில் ஓடாது. மற்ற மாதங்களிலும் டோல்கோக் தினமும் வெளியே வராது. பழுதுபார்ப்புக்காக வருடக்கணக்கில் ஷெட்டில் இருக்கும் காலமும் உண்டு. அது ஓடும் தேதியைத் தெரிந்துகொண்டு டிக்கெட் போடுங்கள். திரும்பி வந்ததும் எஞ்சின் அருகே போய், கரி படிந்த கையோடு நிற்கும் ஓட்டுநருக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.